பெற்றான் என்பது பிழையா? – ஓர் எபிரேயச் சொல் எனக்குக் கற்பித்த பாடம்



ஒரு மாணவியின் கட்டுரையில் நான் இட்ட சிவப்புக் கோடு ஒன்றைப் பற்றி இன்று எழுதுகிறேன். அந்தக் கோடு என்னைத் தமிழிலிருந்து எபிரேயம் வரை அழைத்துச் சென்று, மீண்டும் கெலாங் பாத்தாவுக்கே கொண்டுவந்து சேர்த்தது. சற்று நீண்ட பதிவுதான். பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

சிவப்புக் கோடு

ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு, ‘நான் போற்றும் மனிதர்’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதுமாறு கூறியிருந்தேன். ஒரு மாணவி தன் தந்தையைப் பற்றி எழுதியிருந்தாள். கையெழுத்தும் கருத்தும் நன்றாகவே இருந்தன. ‘என்னைப் பெற்ற அப்பா’ என்று ஒரு தொடர் வந்தது. பெற்றவள் தாய் அல்லவா? தந்தை எவ்வாறு பெற இயலும்? இவ்வாறு எண்ணிய நான், ‘பெற்ற’ என்பதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு அதன்மேல் ‘வளர்த்த’ என்று திருத்தி எழுதினேன். அரை மதிப்பெண்ணும் குறைத்தேன். முப்பது கட்டுரைகளுள் ஒன்று. அத்தோடு அதை மறந்தும் போனேன்.

இரண்டு நாள் கழித்து, பள்ளி விடும் நேரத்தில் ஒருவர் என்னைக் காண வந்தார். தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகத்தில் வேலை செய்பவர். வேலைச் சீருடையோடு வந்திருந்தார். கையில் உறையிட்ட ஒரு தமிழ் வேதாகமம்.

“ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு சந்தேகம். எங்க வேதத்துல புதிய ஏற்பாடு தொடங்குறதே இதுலதான். எல்லாம் ஆம்பளைங்க பேரு. எல்லாருக்கும் ‘பெற்றான், பெற்றான்’னுதான் போட்டிருக்கு. அப்ப இதுவும் தப்பா?”

நான் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். மத்தேயு எழுதிய நூலின் முதல் இயல். ஆபிரகாம் முதல் யோசேப்பு வரை ஒரு நீண்ட தலைமுறைப் பட்டியல். வரிக்கு வரி ‘பெற்றான்’. உடனே விடை கூற எனக்கு இயலவில்லை. “பார்த்துச் சொல்கிறேன்” என்றேன்.

அவர் புறப்படும்போதுதான் மற்றதைச் சொன்னார். அம்மாணவி அவருடைய அண்ணன் மகள். அண்ணனும் அண்ணியும் இறந்தபின், இரண்டு வயதிலிருந்து அவரும் அவர் மனைவியுமே அவளை வளர்த்து வருகிறார்கள். அவரைத்தான் அவள் அப்பா என்கிறாள். “‘வளர்த்த’ன்னு நீங்க எழுதினது உண்மைதான் ஐயா. ஆனா யாரோ உங்ககிட்ட சொல்லிட்டாங்கன்னு நினைச்சுக்கிட்டு ராத்திரி முழுக்க அழுதுச்சு.”

எனக்கு யாரும் சொல்லவில்லை. பதிவேட்டில் அவள் பெயருக்குப் பின் ‘அ/பெ’ என்று வரும் தந்தை பெயரைக் கூட நான் கூர்ந்து நோக்கியதில்லை. இலக்கணம் திருத்துவதாக எண்ணிக்கொண்டு, ஒரு குழந்தை மிகவும் அஞ்சிய சொல்லை அவள் ஏட்டிலேயே சிவப்பு மையால் எழுதிவிட்டேன்.

ஆக, என்முன் இரண்டு வினாக்கள் இருந்தன. ஒன்று: ஆண்மகனைப் ‘பெற்றான்’ என்று கூறலாமா? மற்றொன்று: பெறாத ஒருவரைப் ‘பெற்ற’ என்று கூறலாமா? இரண்டுக்கும் விடை தேடியதன் விளைவே இக்கட்டுரை. நான் கிறித்தவன் அல்லேன்; எபிரேயத்தை முறையாகக் கற்றவனும் அல்லேன். அகரமுதலிகளையும் சொல்லுக்குச் சொல் பொருள் தரும் பதிப்புகளையும் துணைகொண்டு கற்றதையே இங்குத் தருகிறேன். சமயம் பேசுவது நோக்கமன்று. சொல்லைப் பற்றியே பேசுகிறேன்.

முதலில் நம் தமிழ்

தமிழில் குழந்தை பிறத்தலைக் குறிக்கப் பல வினைகள் உள்ளன. ஈனுதல், பெறுதல், பயத்தல், உயிர்த்தல் என அடுக்கலாம். இவற்றுள் ஈனுதல் பெரும்பாலும் தாய்க்கே உரியதாக வருகிறது. தாய் மகனை ஈன்ற பொழுதைக் கூறும் குறளிலும் (69) அச்சொல்லே இடம்பெறுகிறது. பொன்முடியார் பாடிய புறநானூற்றுப் பாடலில் (312), பிள்ளையை ஈன்று தருவது தாயின் கடமை என்றும், சான்றோன் ஆக்குவது தந்தையின் கடமை என்றும் பங்கு பிரிக்கப்படுகிறது. என் சிவப்புக் கோட்டின் பின்னால் இருந்தது, பள்ளியில் நான் மனப்பாடம் செய்த இந்தப் பாடலே என்று இப்போது உணர்கிறேன்.

ஆனால் ‘பெறு’ என்பது வேறு வகைச் சொல். அதன் அடிப்படைப் பொருள் அடைதல், கிடைக்கப் பெறுதல். பரிசு பெறுகிறோம், பட்டம் பெறுகிறோம், பிள்ளையும் பெறுகிறோம். அதிலிருந்து பிறந்த ‘பேறு’ என்பதற்குச் செல்வம், நற்பயன் என்ற பொருளும் உண்டு. மகப்பேறு என்ற பொருளும் உண்டு. திருக்குறளின் ஏழாம் அதிகாரத்தை ‘மக்கட்பேறு’ என்கிறோம். பரிமேலழகர் அதற்குப் ‘புதல்வரைப் பெறுதல்’ என்று பெயரிட்டார். அவ்வதிகாரம் தாய்க்கு மட்டும் உரியதன்று. இல்வாழ்வான் ஒருவன் அடையும் பேறாகவே மக்களைப் பேசுகிறது.

இன்னும் எளிய சான்று நம் பள்ளி வாசலிலேயே இருக்கிறது. ‘பெற்றோர் ஆசிரியர் சங்கம்’ என்று பலகை வைத்திருக்கிறோம். தாய் மட்டுமே பெற்றவள் என்றால், ‘பெற்றோர்’ என்னும் சொல்லில் தந்தைக்கு இடமே இல்லையே! ஆங்கிலத்தில் ‘பேரண்ட்’ என்கிறார்களே, அதன் இலத்தீன் வேர்ச்சொல்லுக்கும் பிள்ளை பெறுதல் என்பதே பொருள். அங்கும் தந்தை அச்சொல்லுக்குள் அடங்குகிறார்.

இந்த அளவிலேயே என் திருத்தம் தவறு என்பது தெளிவாகிவிட்டது. ஆனால் அந்த மனிதர் காட்டிய பக்கம் என்னை விடவில்லை. ‘பெற்றான்’ என்று அங்கே எழுதியவர்கள் யார்? எந்தச் சொல்லுக்கு ஈடாக எழுதினார்கள்?

தரங்கம்பாடி முதல் 1871 வரை

செருமானியரான பர்த்தலோமேயு சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் கரையிறங்கினார். அங்கேயே தமிழ் கற்றுப் புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்திலிருந்து தமிழாக்கினார். அது 1714, 1715ஆம் ஆண்டுகளில் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. பின்னர் எபிரேய மொழியிலுள்ள பழைய ஏற்பாட்டைத் தொடங்கினார். ரூத்தின் வரலாற்றைக் கூறும் சிறு நூல் வரை முடித்திருந்த நிலையில் 1719இல் காலமானார். அந்த ரூத் நூல் முடிவதும் ஒரு தலைமுறைப் பட்டியலோடுதான். அவர் விட்ட பணியைப் பெஞ்சமின் சூல்ட்சு நிறைவு செய்தார். பின்னர் பப்ரிசியசு புதிதாக மொழிபெயர்த்தார். அவருடைய புதிய ஏற்பாடு 1772இல் வெளிவந்தது.

யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல் ஒரு மொழிபெயர்ப்பை மேற்கொண்டபோது அவருக்குத் துணை நின்றவர், சைவப் பெரியார் ஆறுமுக நாவலர். அது 1850இல் வெளியாயிற்று. அதன்பின் என்றி பவர் தலைமையிலான குழு திருத்தியமைத்த பதிப்பு 1871இல் வந்தது. சீர்திருத்தச் சபையினர் பலர் இன்றும் கையில் ஏந்தும் தமிழ் வேதாகமம் அதன் வழி வந்ததே. துறைமுகத் தொழிலாளர் எனக்குக் காட்டியதும் அதுதான்.

இவர்கள் எதிர்கொண்ட எபிரேயச் சொல் ‘யாலத்’.

யாலத்

எபிரேயச் சொற்கள் பெரும்பாலும் மூன்று மெய்யெழுத்து வேர்களிலிருந்து கிளைப்பவை. ய-ல-த என்பது இச்சொல்லின் வேர். பழைய ஏற்பாட்டில் இவ்வினை ஏறத்தாழ 500 இடங்களில் வருகிறது. வேர் ஒன்றே, வடிவம் மாறப் பொருள் மாறும்.

எளிய வடிவம் ‘யாலத்’: பெற்றான், பெற்றாள். ‘ஹோலீத்’ என்பது பிறவினை போன்ற வடிவம்: பிறப்பித்தான். மற்றொரு வடிவம் பேறு பார்ப்பதைக் குறிக்கும். அதிலிருந்து வந்த ‘மெயல்லெதெத்’ என்றால் மருத்துவச்சி. எகிப்து மன்னன் ஆண் குழந்தைகளைக் கொல்லுமாறு ஆணையிட்டபோது அதற்குப் பணியாத சிப்பிராள், பூவாள் என்னும் இருவரும் இச்சொல்லாலேயே குறிக்கப்படுகின்றனர். ‘யெலெத்’ என்றால் குழந்தை. ‘தோலதோத்’ என்றால் வழிமுறை, வம்ச வரலாறு. ‘மோலெதெத்’ என்றால் பிறந்த இனம், பிறந்த மண். இன்றைய எபிரேயத்தில் தாயகம்.

இங்கே முதல் வினாவுக்கு விடை கிடைக்கிறது. எளிய வடிவமாகிய ‘யாலத்’ தாய்க்கு மட்டும் உரியதன்று. ஆதியாகமம் நான்காம் இயலில் ஏவாள் காயீனைப் பெற்றாள் என்ற இடத்தில் வரும் அதே வினை, அதே இயலின் 18ஆம் வசனத்தில் ஆண்களின் தலைமுறைப் பட்டியலிலும் வருகிறது. அடுத்த இயலில் ஆதாம் முதலானோர்க்கு ‘ஹோலீத்’ வருகிறது. பிற்காலத்தில் இவற்றைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தோர் கையாண்ட வினையையே மத்தேயுவும் தம் பட்டியலில் பின்பற்றினார்.

ஆங்கிலத்தில் 1611ஆம் ஆண்டு அரச மொழிபெயர்ப்பினர் தந்தைக்கு ஒரு வினை, தாய்க்கு ஒரு வினை எனப் பிரித்துக்கொண்டனர். தமிழ் மொழிபெயர்ப்பாளர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. இருபாலார்க்கும் பொருந்தும் ‘பெறு’ ஆயத்தமாக இருந்தது. ஏவாளும் பெற்றாள், ஆதாமும் பெற்றான்.

இதில் ஒரு கூடுதல் நயமும் உண்டு. காயீன் பிறந்தபோது ஏவாள் கூறும் சொல் ‘யாலத்’ அன்று. ‘அடைந்தேன், ஈட்டினேன்’ என்னும் பொருளுடைய வேறொரு வினை. காயீன் என்னும் பெயரோடு ஒலி ஒத்து வருவதற்காக அச்சொல் அங்கே நிற்கிறது. தமிழில் அவ்விடத்திலும் ‘பெற்றேன்’ என்றே மொழிபெயர்த்தனர். எபிரேயத்தில் இரு சொல்லாய் நிற்கும் ஈனுதலும் அடைதலும் தமிழில் ‘பெறு’ என்னும் ஒரே சொல்லுக்குள் கூடிவிடுகின்றன.

ஒரு வேருக்குப் பல தமிழ்ச் சொற்கள்

ஆனால் எல்லா இடத்திலும் அவர்கள் ‘பெறு’ என்று எழுதிவிடவில்லை. எங்கே மாற்றினார்கள் என்று பார்த்தால் அவர்களுடைய கவனம் புலப்படும்.

எரேமியா 30ஆம் இயலில், ஆண் பிள்ளை பெறுவதுண்டோ என்னும் பொருள்பட ஒரு வினா வருகிறது. துன்பம் தாங்காமல் ஆடவர் இடுப்பில் கைவைத்து நிற்கும் காட்சிக்காகக் கேட்கப்படும் வினா அது. எபிரேயத்தில் அங்கும் யாலத்தான். தமிழில் ‘பெறு’ என்று எழுதியிருந்தால் வினாவே பொருளற்றுப் போயிருக்கும். ஏனெனில் தமிழில் ஆணும் பெறுகிறான்! ஆகவே ‘பிரசவி’ என்னும் வினையை இட்டனர். நோவு தாயுடையது என்பதை எபிரேயமும் மறக்கவில்லை, தமிழும் மறக்கவில்லை.

இரண்டாம் சங்கீதத்தில் இறைவன் அரசனை நோக்கித் தன் மகன் என்றும், இன்று அவனைப் பெற்றதாகவும் கூறுகிறான். எபிரேயத்தில் யாலத். தமிழில் ‘ஜநிப்பித்தேன்’ என்று வடசொல்லால் எழுதினர். உபாகமம் 32ஆம் இயலில் இறைவனைப் பாறையாக உருவகித்துக் கூறும் இடத்திலும் யாலத்துக்கு ‘ஜெநிப்பித்த’ என்பதே இடம்பெற்றது. அதே அடியின் பிற்பகுதியில், பேறுகால நோவில் துடித்தலைக் குறிக்கும் மற்றோர் எபிரேய வினை வருகிறது. அதற்குத்தான் ‘பெற்ற’ என்று எழுதினர். மலைகள் ‘பிறக்கும்’ முன்னர் என்று எபிரேயம் கூறும் 90ஆம் சங்கீதத்தில், தமிழில் மலைகள் ‘தோன்றுகின்றன’.

மக்களுக்குப் பெறுதல், நோவுக்குப் பிரசவம், இறைவனுக்கு ஜநிப்பித்தல், மலைகளுக்குத் தோன்றுதல்! 1995இல் வெளிவந்த திருவிவிலியம் என்னும் பொது மொழிபெயர்ப்பு, இரண்டாம் சங்கீதத்தில் வடசொல்லை நீக்கிப் ‘பெற்றெடுத்தேன்’ என்று மாற்றியது. மத்தேயுவின் பட்டியலிலோ வினையையே விடுத்து, இன்னார் மகன் இன்னார் என்று எளிமையாக்கியது. எளிமை நன்றே, ஆயினும் வரிக்கு வரி ஒலித்த ‘பெற்றான்’ அங்கே மறைந்துவிட்டது.

அந்த இரண்டாம் சங்கீதத்தில் ‘இன்று’ என்றொரு சொல் இருப்பதைக் கவனிக்க வேண்டும். வளர்ந்து ஆளாகிய அரசனை இன்று பெற்றதாக எவ்வாறு கூற இயலும்? அரசன் அரியணை ஏறும் நாளுக்குரிய பாடல் அது என்று அறிஞர் பலர் கருதுவர். தன் மகனாக ஏற்றுக்கொள்வதே அங்குப் பெறுதல். இங்கிருந்தே இரண்டாம் வினாவுக்கான வாயில் திறக்கிறது.

நம் மண்ணில் இதே சிந்தனை

அதற்குள் நுழையும் முன், மலேசியராகிய நமக்கு அணுக்கமான ஒரு செய்தி. எபிரேயமும் அரபும் ஒரே மொழிக்குடும்பம். எபிரேயத்தில் சொல்லின் முதலில் வரும் யகரம் அரபில் வகரமாக வருவதுண்டு. எபிரேயத்தின் ‘யெலெத்’ அரபில் ‘வலத்’. நாம் ஆண்டுதோறும் பள்ளி விடுமுறையாக அறிந்திருக்கும் மௌலிதுர் ரசூல் நாளின் ‘மௌலித்’ என்னும் சொல்லும் அதே வேரில் முளைத்தது. பிறப்பு என்பதே அதன் பொருள்.

மலாய் மொழி வேறு குடும்பம். ஆயினும் சிந்தனை ஒன்றாகவே ஓடுகிறது. ‘அனாக்’ என்றால் பிள்ளை. ‘பெரானாக்’ என்றால் பிள்ளை பெறுதல். பிள்ளைகளை உடையவராக இருத்தல் என்ற பொருளும் உண்டு. நம் பெரியவர்கள் பிறப்புச் சான்றிதழை இன்றும் ‘சூராட் பெரானாக்’ என்றுதான் கூறுகிறார்கள். ‘பெரானாக்கான்’ என்பதற்குக் கருப்பை என்றும் பொருள். வந்தேறியவர் வழியில் இம்மண்ணில் பிறந்தவர் என்றும் பொருள். பிறப்பைக் குறித்த வேரிலிருந்து பிறந்த மண்ணைக் குறிக்கும் ‘மோலெதெத்’ கிளைத்தது போன்றதே இதுவும்.

மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வணிகம் செய்ய வந்து, உள்ளூர்ப் பெண்களை மணந்த தமிழ் வணிகரின் வழிவந்தோர் மலாக்கா செட்டிகள். மலாய் பேசி, இந்து சமயம் பேணி வாழும் அவர்களும் பெரானாக்கான்களே. 1876இல் சிங்கப்பூரில் தொடங்கப்பெற்ற முன்னோடி மலாய்ச் செய்தித்தாளின் பெயர் ‘சாவி பெரானாக்கான்’. தமிழ் முசுலீம் மரபினர் அதில் முன்னின்றனர். நம் பெயர்களுக்கு இடையே வரும் ‘அ/லெ’, ‘அ/பெ’ என்பவற்றில் உள்ள அகரமும் இந்த ‘அனாக்’தான். ஒவ்வொரு முறை வருகைப் பதிவு எடுக்கும்போதும் பிறப்பைக் குறிக்கும் சொல்லை முப்பது தடவை கடந்து போகிறோம், நின்று பார்ப்பதில்லை.

பெறாதவர் பெற்றவர் ஆவது

இனி இரண்டாம் வினா. கருவுக்குக் காரணமாகாத ஒருவரைப் ‘பெற்றவர்’ என்று கூறலாமா?

முதலாவதாக, தலைமுறைப் பட்டியல்களிலேயே ‘பெற்றான்’ என்பது நேர் தந்தையை மட்டும் குறிப்பதில்லை. மத்தேயுவின் பட்டியலில் யோராம் உசியாவைப் பெற்றான் என்று உள்ளது. பழைய ஏற்பாட்டின் அரசர் வரலாற்றோடு ஒப்பிட்டால், இவ்விருவருக்கும் இடையே அகசியா, யோவாஸ், அமத்சியா என்னும் மூன்று அரசர்கள் இருக்கின்றனர். பாட்டனுக்குப் பாட்டனும் ‘பெற்றவன்’ ஆகிறான். ஆதியாகமம் பத்தாம் இயலிலோ, ஒரு மனிதன் முழு இனங்களையே பெற்றதாகக் கூறப்படுகிறது.

இரண்டாவதாக, ரூத்தின் கதை. கணவனையும் இரு மகன்களையும் இழந்த நகோமி என்னும் முதியவளோடு, அவள் மருமகள் ரூத் ஊர் திரும்புகிறாள். அங்கே மறுமணம் செய்து ஓர் ஆண்மகவைப் பெறுகிறாள். நகோமி அதை மடியில் ஏந்தி வளர்க்கிறாள். அப்போது அயல்வீட்டுப் பெண்கள், நகோமிக்கு ஒரு மகன் பிறந்தான் என்கிறார்கள். பெற்றவள் ரூத் என்பது அவர்களுக்குத் தெரியாததன்று. ஆயினும் ‘பிறந்தான்’ என்று அவர்கள் கூறும் சொல் யாலத்தின் வடிவமே.

மூன்றாவதாக, ஒரு முரண்பாடு. சவுல் அரசனின் மகள் மீகாள் சாகும் வரை பிள்ளையற்றவளாக இருந்தாள் என்று இரண்டாம் சாமுவேல் ஆறாம் இயல் கூறுகிறது. அதே நூலின் 21ஆம் இயலிலோ, அவள் ஆதரியேல் என்பவனுக்குப் பெற்ற ஐந்து மகன்கள் பேசப்படுகின்றனர். ஆதரியேலை மணந்தவள் அவள் தமக்கை மேராப். ஏடெழுதியவர் பெயரை மாற்றி எழுதிவிட்டார் என்பது ஒரு விளக்கம்; சில பழஞ்சுவடிகளில் மேராப் என்றே உள்ளது. 1611ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பினர் வேறு வழி கண்டனர். ‘பெற்ற’ என்பதை ‘வளர்த்த’ என்று மாற்றிவிட்டனர்.

இதைப் படித்தபோது நான் சற்று நேரம் அப்படியே அமர்ந்திருந்தேன். அம்மாணவியின் ஏட்டில் நான் செய்த திருத்தமும் இதுவே அல்லவா!

ஆனால் யூத அறிஞர்கள் திருத்தவில்லை. கி.பி. 6ஆம் நூற்றாண்டை ஒட்டித் தொகுத்து முடிக்கப்பெற்றதாகக் கருதப்படும் பாபிலோனியத் தல்மூதில், ‘சன்ஹெத்ரின்’ என்னும் பகுதியின் 19ஆம் ஏட்டில் இச்சிக்கல் ஆராயப்படுகிறது. அவர்கள் தரும் விளக்கம் இதுதான். பெற்றவள் மேராப், வளர்த்தவள் மீகாள், ஆகவே பிள்ளைகள் மீகாளின் பெயரால் அழைக்கப்பட்டனர். நகோமியின் கதையையும் அவர்கள் சான்று காட்டுகிறார்கள். தாய்தந்தையற்ற பிள்ளையைத் தன் வீட்டில் வளர்ப்பவரை, அப்பிள்ளையைப் பெற்றவராகவே வேதம் எண்ணுகிறது என்பது அவர்கள் கண்ட முடிபு. அவர்கள் கையாளும் வினை யாலத். ‘வளர்த்தவரும் நல்லவரே’ என்று ஆறுதல் கூறும் பேச்சன்று இது. பெற்றவர்க்குரிய அதே வினையை வளர்த்தவர்க்கும் உரிமையாக்குகிறார்கள்.

துறைமுகத்தில் உழைத்து அண்ணன் மகளை வளர்க்கும் ஒருவரை, அவள் ‘என்னைப் பெற்ற அப்பா’ என்று எழுதினாள். அச்சொல்லின் முழு வரலாறும் அவள் பக்கமே நின்றது. என் பக்கம் நின்றது சிவப்பு மை மட்டுமே.

ஆசிரியர்க்கும் ஒரு பங்கு

அதே ஏட்டில், ஆசிரியராகிய நமக்கும் ஒரு செய்தி இருக்கிறது.

எண்ணாகமம் மூன்றாம் இயல், ஆரோன், மோசே இருவரின் ‘தோலதோத்’ இது, அதாவது வம்ச வரலாறு இது, என்று தொடங்குகிறது. ஆனால் தொடர்ந்து வரும் பெயர்கள் நாதாப், அபியூ, எலெயாசார், இத்தாமார் ஆகிய நான்கே. நால்வரும் ஆரோனின் மகன்கள். மோசேயின் பிள்ளைகள் அங்குச் சொல்லப்படவில்லை. பின் ஏன் மோசேயின் வம்சம் என்று கூற வேண்டும்?

தல்மூது அறிஞர்கள் கூறும் விளக்கம்: ஆரோன் பெற்றான், மோசே கற்பித்தான், ஆகவே அவன் பெயராலும் அழைக்கப்பட்டனர். அயலான் பிள்ளைக்கு வேதம் கற்பிப்பவன், அப்பிள்ளையைப் பெற்றவனாகவே எண்ணப்படுவான் என்று முடிக்கிறார்கள். இங்கும் அதே யாலத்.

இதே மோசேதான் எண்ணாகமம் 11ஆம் இயலில், மக்கள் கூட்டத்தின் முணுமுணுப்புத் தாங்காமல், இவர்களைக் கருவுற்றதும் பெற்றதும் நானா என்று இறைவனிடம் முறையிடுகிறான். வகுப்பில் நாற்பது நிமிடம் போராடியபின் நாமும் நினைப்பதுண்டு, ‘நானா பெற்றேன் இவர்களை?’ என்று. மோசேயின் வினாவுக்கு அந்த அறிஞர்கள் தந்த விடையாகவே எனக்கு இது தோன்றுகிறது: ஆம், கற்பித்ததனால் நீயும் பெற்றாய்.

நம் மரபுக்கும் இது புதிதன்று. மாதா, பிதா, குரு என்று வரிசைப்படுத்தியவர்கள் நாம். ஆனால் அவ்வரிசையை ஆசிரியர்க்குக் கிடைக்கும் மரியாதையாக மட்டுமே பேசிவருகிறோம். அதில் அடங்கிய பொறுப்பை நான் இந்நிகழ்வுக்குப் பின்னரே உணர்ந்தேன். பெற்றவர் என்னும் சொல்லில் நமக்கும் பங்கு உண்டென்றால், பிள்ளையின் ஏட்டில் ஒரு சொல்லை அடிக்கும் முன், அச்சொல் எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று அறிந்திருக்க வேண்டும் அல்லவா?

பின்னர் நடந்தது

மறு வாரம் அம்மாணவியின் ஏட்டைக் கேட்டு வாங்கினேன். ‘வளர்த்த’ என்று நான் எழுதியதை அடித்துவிட்டு, அவள் எழுதிய ‘பெற்ற’ என்பதன்கீழ் நீல மையால் ‘சரி’ என்று எழுதினேன். அரை மதிப்பெண்ணைத் திருப்பித் தந்தேன். “ஐயா அவசரப்பட்டுத் திருத்திவிட்டேன். நீ எழுதியதே சரியான தமிழ்” என்றேன். வேறு எதுவும் பேசவில்லை. எபிரேயமும் தல்மூதும் அவளுக்கு அப்போது தேவைப்படவில்லை. ஏட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “அப்பாகிட்ட காட்டவா ஐயா?” என்று கேட்டாள். “கட்டாயம் காட்டு” என்றேன்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். குடும்பத்தைப் பற்றிய கட்டுரைகளைத் திருத்தும்போது, பதிவேட்டை ஒரு முறை பாருங்கள். பாட்டியிடம் வளரும் பிள்ளை, சிற்றன்னையிடம் வளரும் பிள்ளை, தத்துப் பிள்ளை என்று ஒவ்வொரு வகுப்பிலும் சிலர் இருக்கக்கூடும். உறவுச் சொற்களில் அவர்கள் நம்மைவிடக் கவனமாக இருப்பார்கள். இலக்கணப் பிழைபோல் தோன்றுவது சில வேளை, பிள்ளை தெரிந்தே தேர்ந்தெடுத்த சொல்லாக இருக்கும்.

பெற்றோர்களுக்கும் ஒன்று. திருத்திய ஏட்டில் ஐயம் எழுந்தால், அந்தத் துறைமுகத் தொழிலாளரைப் போல நேரில் வந்து கேளுங்கள். அன்று அவர் வராமல் இருந்திருந்தால், அவளும் தன் அழுகையை யாரிடமும் கூறாமல் இருந்திருந்தால், அந்தச் சிவப்புக் கோடு அப்படியே நின்றிருக்கும். நானும் அடுத்த ஆண்டு வேறொரு பிள்ளையின் ஏட்டில் அதே கோட்டை இழுத்திருப்பேன்.

கெலாங் பாத்தா என்னும் நம் ஊர்ப் பெயருக்கு மலாய் மொழியில் ‘உடைந்த வளையல்’ என்பது பொருள். உடைந்த வளையலை ஒட்டவைப்பது அரிது. உடைந்த சொல்லையாவது நாம் மனம் வைத்தால் ஒட்டவைக்கலாம் என்று இந்நிகழ்வு எனக்குக் காட்டியது.